கூட்டுக்குள் அணு: எந்தப் பிளாஸ்மா எதற்கு?

கார்பன் அணுக்கள் கூடுபோல மூடிக்கொண்ட மூலக்கூறு ஃபுல்லரீன். அந்தக் கூட்டுக்குள் ஓர் அணுவை அடைக்க இரண்டு பாதைகள் உண்டு. அணுவைச் சுற்றிக் கூட்டை எழுப்பலாம், அல்லது எழுப்பி முடித்த கூட்டுக்குள் அணுவைத் திணிக்கலாம். இரண்டுக்கும் பிளாஸ்மா, அதாவது அயனிகளும் எலக்ட்ரான்களுமாகப் பிரிந்த வாயு, கைகொடுக்கிறது. முன்னதற்கு வேண்டியது பல ஆயிரம் டிகிரியில் எரியும் மின்வில். பின்னதற்கு, தாழ்ந்த அழுத்தத்தில் மங்கலாக ஒளிரும் அயனிப் பிளாஸ்மா. இவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலும் எழும் கேள்வி, எது அதிகம் தருகிறது என்பதுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. வினை முடிந்ததும் மிஞ்சும் கலவையிலிருந்து நமக்கு வேண்டியதைப் பிரித்தெடுக்க வழி இருக்கிறதா?

1985-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில், 60 கார்பன் அணுக்களாலான கூடான சி60 கண்டுபிடிக்கப்பட்ட கையோடு, லாந்தனம் கலந்த கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கினார்கள். 60 கார்பனோடு ஒரு லாந்தனம் சேர்ந்த நிறை, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறைமானியில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்த மூலக்கூறு குடுவைக்கு வந்து சேரவில்லை. 1991-இல் அதே பல்கலைக்கழகத்தின் ஸ்மாலியின் குழு, ஆவியாக்கலில் கிடைத்த கரியை டொலுயீன் என்ற கரைப்பானில் ஊறவைத்தபோது, கரைந்து வெளிவந்தது சி82 கூட்டுக்குள் இருந்த லாந்தனம். சி60-க்குள் உலோகம் உருவாகிறது, ஆனால் வினைத்திறன் மிகுந்த அந்த மூலக்கூறு சாதாரணக் கரைப்பான்களுக்குப் பிடிகொடுக்காமல் கரியிலேயே தங்கிவிடுகிறது. உண்டாவதும் கைக்கு வருவதும் வேறு வேறு என்பது அன்றே தெரிந்துவிட்டது.

மின்வில் முறையின் செய்முறை முரட்டுத்தனமானது. கிராஃபைட் தண்டில் துளையிட்டு, உலோக ஆக்சைடையும் கிராஃபைட் தூளையும் அடைத்து, ஹீலியம் நிரம்பிய அறையில் நேர்திசை மின்சாரம் பாய்ச்சுகிறோம். தண்டு ஆவியாகிறது. கார்பன் ஆவி ஹீலியத்தோடு மோதிக் குளிரும்போது கூடுகள் மூடுகின்றன; சில கூடுகள் உலோகத்தை உள்ளே வைத்து மூடுகின்றன. ஹீலியத்தின் அழுத்தம்தான் குளிரும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே விளைச்சல் மின்னோட்டத்தை மட்டுமல்லாமல் இந்த அழுத்தத்தையும் நம்பியிருக்கிறது.

இந்த வழி எல்லா அணுவுக்கும் திறப்பதில்லை. லாந்தனம் தன் 3 எலக்ட்ரான்களைக் கூட்டுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே நேர்அயனியாக இருக்கிறது. அந்தக் கொடுக்கல்வாங்கல்தான் மூலக்கூறை நிலைநிறுத்துகிறது. அதனால் ஸ்காண்டியம், இட்ரியம், லாந்தனைடுகள் போன்ற, எலக்ட்ரானை எளிதில் விடும் உலோகங்களுக்கு மின்வில் பொருந்துகிறது. தனி நைட்ரஜன் அணுவுக்கு இங்கே இடமில்லை.

ஆனால் நைட்ரஜன் வேறு விதமாக இந்த அறைக்குள் நுழைந்தது. 1999-இல் வர்ஜீனியா டெக்கின் ஸ்டீவன்சனும் டோர்னும் அவர்களது குழுவினரும், மின்வில் அறைக்குள் சிறிதளவு நைட்ரஜன் இருந்தால் 3 ஸ்காண்டியமும் ஒரு நைட்ரஜனும் கொண்ட கொத்து சி80 கூட்டுக்குள் கணிசமாக அமைகிறது என்று அறிவித்தார்கள். வெறுமையாக இருந்தால் நிலைக்காத அந்தச் சமச்சீர்க் கூட்டை, கொத்து கொடுக்கும் 6 எலக்ட்ரான்கள் தாங்கிப் பிடிக்கின்றன. பின்னர் டிரெஸ்டனில் டுன்ஷின் குழு அம்மோனியா வாயுவைப் பயன்படுத்தி, வெற்றுக் கூடுகள் உருவாவதையே பெருமளவு அடக்கியது. என்னை ஈர்ப்பது இதற்கு அடுத்த படி. உலோகமும் நைட்ரஜனும் சேர்ந்த கொத்தை உள்ளே கொண்ட இந்த நைட்ரைடு மூலக்கூறுகள் வேதிவினைக்கு மந்தமானவை, வெற்றுக் கூடுகளோ சுறுசுறுப்பானவை. ஆகவே வெற்றுக் கூடுகளை மட்டும் வினையில் பிடித்துவைக்கும் பொருளின் வழியே கரைசலைச் செலுத்தினால், வேண்டியது தானாகவே வெளியே வந்துவிடும். உள்ளே காடோலினியம் வைத்த இவற்றின் உறவினங்களை, எம்ஆர்ஐ படத்தில் திசுக்களின் வேறுபாட்டைத் தெளிவாக்கும் பொருளாக ஆராய முடிகிற அளவுக்குச் சேர்க்கவும் முடிந்தது.

அயனிப் பிளாஸ்மாவின் இயல்பு முற்றிலும் வேறு. இங்கே கூடு தயாராக இருக்கிறது. அயனி சுவரைத் தாண்ட வேண்டும், சுவர் உடையக் கூடாது. 1996-இல் பெர்லினின் ஹான்-மைட்னர் நிறுவனத்தில் சி60-ஐ ஆவியாக்கிப் படியவைத்துக்கொண்டே, சுமார் 40 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் நைட்ரஜன் அயனிகளை அதன்மீது பாய்ச்சினார்கள். ஆற்றல் மிகக் குறைந்தால் அயனி வெளியிலேயே நின்றுவிடும். மிகக் கூடினால் கூடு சிதையும். உள்ளே போன நைட்ரஜன் கூட்டோடு பிணைப்பு எதுவும் கொள்ளாமல், இணையாத 3 எலக்ட்ரான்களோடு நட்டநடுவில் தனியணுவாகவே நிற்கிறது. இது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. அதன் எலக்ட்ரான்களின் தற்சுழற்சி (ஸ்பின்) நிலை நீண்ட நேரம் குலையாமல் இருப்பதால்தான் குவாண்டம் கணினி ஆய்வாளர்கள் இதை விரும்புகிறார்கள்.

சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. பத்தாயிரம் கூடுகளில் ஒன்றோ அதற்கும் குறைவாகவோதான் நிரம்புகிறது. உள்ளிருக்கும் அணு கூட்டை எவ்விதத்திலும் மாற்றாததால், நிரம்பியதும் வெற்றும் கரைப்பானுக்கு ஏறக்குறைய ஒன்றே. கரைசலை நுண்துகள் நிரப்பிய குழாய் வழியே செலுத்திப் பிரிக்கும் உயர்திறன் திரவ நிறப்பிரிகையில் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். சூடேற்றிச் செறிவூட்டவும் வழியில்லை, சில நூறு டிகிரி செல்சியஸிலேயே நைட்ரஜன் கூட்டை விட்டுத் தப்பிவிடுகிறது.

லித்தியத்தின் கதை இதற்கு நேரெதிர். ஜப்பானின் தொஹொகு பல்கலைக்கழகத்தில் ஹதகேயாமாவின் குழு, சூடான டங்ஸ்டன் தகட்டில் கார உலோக ஆவியை அயனியாக்கி, காந்தப்புலத்தில் கட்டிய பிளாஸ்மாவுக்குள் சி60 ஆவியைச் செலுத்தியது. சி60 எலக்ட்ரானை விரும்பிப் பிடித்து எதிர்அயனியாகிறது. நேர்அயனிகளும் அதுவும் ஒரே பிளாஸ்மாவில் நெருங்குகின்றன. இந்த வழியில் வளர்ந்த லித்தியப் பிளாஸ்மா முறைகளிலும் கிடைத்தது, வெற்றுக் கூடுகளோடு ஒட்டிக்கொண்ட ஒரு கலவைதான். அதை ஆக்சிஜனேற்றம் செய்து, அதாவது எலக்ட்ரானை எடுத்து, லித்தியம் அடங்கிய கூட்டை நேர்அயனி உப்பாக மாற்றியபோது வழி திறந்தது. உப்பு கரைசலில் வெற்றுக் கூடுகளிலிருந்து தனியே பிரிந்தது, படிகமாயிற்று, 2010-இல் அதன் கட்டமைப்பு வெளியானது. பிளாஸ்மா கட்டத்தில் தேங்கிய வேலையைக் கரைசல் வேதியியல் முடித்துவைத்தது.

பிளாஸ்மா இல்லாத இரு முறைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சாண்டர்ஸின் குழு, சுமார் 650 டிகிரி செல்சியஸிலும் 3000 வளிமண்டல அழுத்தத்திலும் மந்த வாயுக்களைக் கூட்டுக்குள் தள்ளியது. ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் நிரம்பின. ஜப்பானில் கொமாட்சுவும் முராட்டாவும் கூட்டை வேதிவினையால் திறந்து, உள்ளே ஹைட்ரஜனை விட்டு, 2005-இல் மீண்டும் தைத்து மூடினார்கள். 2011-இல் முராட்டாவும் குரொடோபியும் ஒற்றை நீர் மூலக்கூறை அடைத்தார்கள். ஹைட்ரஜன், நீர் போன்ற நிலையான சிறு மூலக்கூறுகளுக்கு இதோடு பிளாஸ்மா போட்டியிட வேண்டியதே இல்லை. படிகள் பல, ஆனால் முடிவில் கிட்டத்தட்ட எல்லாக் கூடுகளும் நிரம்பியிருக்கும்.

ஆக, என் தேர்வு இது. லாந்தனைடு வேண்டுமா, மின்வில். அதிலும் நைட்ரைடு கொத்து போதுமென்றால் தயங்காமல் அதையே எடுக்கலாம். அங்கே விளைச்சலை இன்னும் கொஞ்சம் கூட்டுவதைவிட, கரைசலில் பிரிக்கும் வேதியியலில் உழைப்பைப் போடுவது பலன் தரும். லித்தியத்துக்கும் அதே கணக்கு. நைட்ரஜனுக்கு மட்டும் கணக்கு தலைகீழ். பற்றிப் பிடிக்க வேதியியல் பிடி எதுவும் இல்லாததால், நிரம்பும் விகிதம் 10 மடங்கு கூடினால் நிறப்பிரிகையில் செலுத்த வேண்டிய கரைசல் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். அயனி ஆற்றலைக் குறுகிய எல்லைக்குள் கட்டுப்படுத்திக்கொண்டே அயனி அடர்த்தியைக் கூட்டும் பிளாஸ்மா ஆய்வுக்கு, இந்த ஓர் அணுவின் பொருட்டு மட்டுமே முழு ஆதரவு தரலாம்.