67 வாட் போன், ஒரு நெக்ஸான் இவி: பேட்டரி எவ்வளவு தேய்ந்தது?

ஃபாஸ்ட் சார்ஜர் போட்டால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்று போன் வாங்கின புதிதில் ஆபீஸில் ஆளாளுக்குச் சொன்னார்கள். மூணு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த 67 வாட் சார்ஜரைத் தவிர வேறெதிலும் போட்டதில்லை. காலையில் குளித்துக் கிளம்புவதற்குள் 20-லிருந்து 80 வந்துவிடும், எடுத்துவிடுவேன். புதிதில் மறுநாள் காலைவரை தாங்கியது, இப்போது ராத்திரிவரை தாங்குகிறது, அவ்வளவுதான்.

முதலில் போனது மனைவியின் போன்தான். சாதாரண 10 வாட் சார்ஜர், ஆனால் தடித்த ரப்பர் கவரோடு தலையணை ஓரத்தில் விடிய விடிய நூறிலேயே கிடக்கும். ஒருநாள் பார்த்தால் திரையின் ஓரம் நகம் நுழைகிற அளவுக்குத் தூக்கியிருந்தது. ரிச்சி தெருவில் கழற்றினால் உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பியிருக்கிறது.

லித்தியம் அயான் பேட்டரிக்கு ஆகவே ஆகாதது சூடும், முழு சார்ஜோடு சும்மா கிடப்பதும். இரண்டும் சேர்ந்தால் உள்ளே இருக்கிற எலக்ட்ரோலைட் என்ற திரவம் சிதைந்துகொண்டே இருக்கும். வேகத்தால் கெடுதலே இல்லை என்று சொல்லவில்லை. பேட்டரியின் நெகடிவ் பக்கம் இருக்கிற கிராஃபைட் உள்வாங்குவதைவிட வேகமாக லித்தியத்தைத் தள்ளினால் அது மேலேயே உலோகமாகப் படிந்துவிடும், குளிரிலும் பேட்டரி நிறையப்போகிற நேரத்திலும் இது அதிகம். 80 தாண்டினதும் சார்ஜிங் ஆமை வேகத்துக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காருக்கு வருவோம். பழைய 30.2 யூனிட் பேட்டரி டாடா நெக்ஸான் இவி. சென்னைக்குள் ஓட்ட வீட்டு 15 ஆம்பியர் பிளக்கே போதும், திருச்சி போகும்போது மட்டும் விழுப்புரம் பக்கம் டிசி ஃபாஸ்ட் சார்ஜர். மே மாதம் மதியம் சார்ஜிங் கன்னை மாட்டினால் ஃபேன் இரைகிற சத்தம் பக்கத்து டீக்கடைவரை கேட்கும், ஆனால் அந்தச் சத்தம்தான் நிம்மதி, பேட்டரிக்கு லிக்விட் கூலிங் வேலை செய்கிறது என்று அர்த்தம். ரேஞ்ச் கொஞ்சம் குறைந்திருக்கிறது, பயணத் திட்டத்தை மாற்றுகிற அளவுக்கு இல்லை.

பழைய நிசான் லீஃபில் அந்த கூலிங் கிடையாது. அமெரிக்காவில் ஐடஹோ தேசிய ஆய்வுக்கூடம் 2012 மாடல் லீஃப்களை ஃபீனிக்ஸ் வெயிலில் ஓட்டிப் பார்த்தது, பாதி வண்டிக்கு டிசி ஃபாஸ்ட் சார்ஜிங், பாதிக்கு மெதுவான ஏசி சார்ஜிங். 80,000 கிலோமீட்டரில் இரண்டு தரப்பிலுமே கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. டிசி வண்டிகள் கூடுதலாக இழந்தது சில சதவீதம்தான்.

ஒன்று சொல்ல மறந்தேன், நெக்ஸானில் இருப்பது எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல். அதில் வோல்டேஜ் பெரிதாக ஏறி இறங்காததால் அவ்வப்போது மெதுவாக நூறுவரை போட்டால்தான் மீட்டர் சரியாகக் காட்டும், 80-ஐத் தாண்டக்கூடாது என்ற போன் கணக்கை அப்படியே இங்கே போடாதீர்கள். நூறு வந்ததும் வண்டியை எடுத்து ஓட்டிவிட வேண்டும். செகண்ட் ஹேண்டில் இவி பார்க்கிறவர்கள் டிசி எத்தனை தடவை போட்டார்கள் என்பதோடு, வண்டி இத்தனை நாள் எங்கே நின்றது, நிழலிலா மொட்டை வெயிலிலா என்றும் கேட்டுவிடுங்கள்.