டிஜி செட் எக்ஸாஸ்ட் லேகிங்: கொட்டேஷனில் 128, பைப்பில் 64

எங்கள் யூனிட்டின் 250 கேவிஏ டிஜி செட்டின் (டீசல் ஜெனரேட்டர்) புகை பைப்புக்கு லேகிங், அதாவது சூடு வெளியேறாமல் தடுக்கும் உறை, போட்ட கான்ட்ராக்டர் கொட்டேஷனில் எழுதியது ஒன்று, பைப்பில் சுற்றியது வேறு. மேலே பளபளவென்று அலுமினியம் கிளாடிங் (தகட்டு மூடி) அடித்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டர் வைத்திருக்கும் எவரும் ஏமாறக்கூடிய இடம் இது.

பேசியது இதுதான்: 6 இன்ச் பைப், 12 மீட்டர், 128 டென்சிட்டி (கன மீட்டருக்கு 128 கிலோ) செராமிக் வூல் (அதிகச் சூடு தாங்கும் பஞ்சு), 25 மி.மீ. கனத்தில் இரண்டு சுற்று. கிளாடிங்கைப் பிரித்தால் நேர் பைப்பில் இருந்தது 64 டென்சிட்டி. பெண்டுகளில் (வளைவுகளில்) மஞ்சள் கிளாஸ்வூல், அதாவது கண்ணாடி இழைப் பஞ்சு. ஃபுல் லோடில் புகை 450 முதல் 550 டிகிரி வரை போகும். கிளாஸ்வூலைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் 250 டிகிரியிலேயே கருகத் தொடங்கிவிடும். பைப்பை ஒட்டியிருந்த பக்கம் பழுப்பாகி, விரல் பட்டாலே பொடியாக உதிர்ந்தது. மேல்பக்கம் வெற்றிடம், வூல் மொத்தமும் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

இதைப் பிடிக்க லேப் தேவையில்லை, தராசு போதும். 7.32 மீட்டர் நீளம், 610 மி.மீ. அகலம், 25 மி.மீ. கனமுள்ள ஒரு ரோல் 128 டென்சிட்டியில் 14 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் நிற்கும். 96 என்றால் 10.7 கிலோ, 64 என்றால் 7 கிலோ. மேலே சொன்ன அளவுக்குச் சுமார் 16½ சதுர மீட்டர், அதாவது 4 ரோல் வேண்டும். ரோல்கள் கேட்டுக்குள் வரும்போதே எடை போடுங்கள். ஒரு துண்டு கிழித்து கேஸ் அடுப்பில் காட்டுங்கள்: செராமிக் வெள்ளையாகவே இருக்கும், கிளாஸ்வூல் புகைந்து சுருங்கி உருகும். தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள்.

அடுத்த ஏமாற்று, தொடாமலே வெப்பக்கதிரை வைத்துச் சூடு அளக்கும் டெம்பரேச்சர் கன். வேலை முடிந்ததும் பளபளப்பான கிளாடிங்கில் அடித்து "44 டிகிரிதான் சார்" என்றார்கள். பளபளக்கும் அலுமினியம் வெப்பக்கதிரை மிகக் குறைவாகவே வெளியிடும், அதனால் கன் குறைத்தே காட்டும். அதே இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி, சூடேற விட்டுப் பார்த்தபோது 92. கை பட்டால் தோல் வெந்துவிடும் சூடு. ஃபுல் லோடில் ஒரு மணி நேரம் ஓடியபின், டேப்பின் மேல் 60 டிகிரிக்குள் இருந்தால்தான் பைனல் பில்லில் கையெழுத்து என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

பைப் நீள்வதைத் தாங்கும் மடிப்பு இணைப்பான பெல்லோஸையும் சேர்த்து இறுக்கிச் சுற்றி ரிவெட் அடித்திருந்தார்கள். இதுதான் பெரிய ஆபத்து. 12 மீட்டர் இரும்புப் பைப் அந்தச் சூட்டில் 6 செ.மீ.க்கு மேல் நீளும். பெல்லோஸ் அசைய வழியில்லாவிட்டால் அது விரிசல் விட்டுப் புகை ரூமுக்குள் வரும், கார்பன் மோனாக்சைடோடு. அங்கே கழற்றி மாட்டும் ஜாக்கெட்தான் போட வேண்டும். உள்பக்கம் சிலிக்கா துணி இருக்கட்டும். சிலிகான் பூசிய துணி வெளிப்பக்கத்துக்கு மட்டும். வூலைக் கட்ட எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பி கேளுங்கள். ஜி.ஐ. கம்பியின் மேல் பூசிய துத்தநாகம் 420 டிகிரியில் உருகும், பிறகு துருப்பிடித்து அறுந்துவிடும். இன்ஜினிலேயே இருக்கும் டர்போவையும், புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டையும் இன்ஜின் கம்பெனி அனுமதிக்காமல் சுற்றவே கூடாது.

"டீசல் 15 சதவீதம் மிச்சம்" என்று சொல்பவரை அங்கேயே திருப்பி அனுப்புங்கள். சைலன்சர் பைப்பைச் சுற்றுவதால் இன்ஜின் குடிக்கும் டீசல் அந்த அளவு குறையாது. ரூம் சூடு குறையும், எக்ஸாஸ்ட் ஃபேன் சுமை குறையும், இன்ஜின் குளிர்ந்த காற்றை இழுப்பதால் முழு பவர் கிடைக்கும். புகைச் சூட்டில் வெந்நீரோ ஸ்டீமோ எடுக்கும் இடங்களில் மட்டும் எரிபொருள் கணக்கில் நேரடியாகத் தெரியும்.

டீசலோ ஆயிலோ ஊறிய வூல் எங்கே தென்பட்டாலும் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதிது போடுங்கள். டீசல் 250 டிகிரிக்குள்ளேயே தீப்பொறி இல்லாமல் பற்றிக்கொள்ளும், கிளாடிங்குக்குள் கனன்றால் வெளியே தெரியாது. முதலில், மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் கசிந்தால் அதைச் சரிசெய்துவிட்டு, அதன்பிறகு லேகிங்காரரைக் கூப்பிடுங்கள்.