டர்போ வண்டிக்கு 4.10 எதற்கு? ஃபோர்டு 3.31 கிரவுன்-பினியன் ரிவ்யூ

நேர்கோட்டில் கால் மைல் பாயும் டிராக் (drag) ரேஸ் என்றாலே பின் ஆக்சிலில் 4.10 ரேஷியோ கியர் போடு, முடிந்தால் 4.56 போடு என்று சொல்ல எல்லா டிராக்கிலும் நாலு பேர் நிற்பார்கள். டர்போ இல்லாத, மேல் ஆர்பிஎம்மில் மட்டும் உயிர் வரும் இன்ஜினுக்கு அது நியாயமான பேச்சுதான். டர்போ வண்டிக்காரன் அதைக் கேட்டால் காசும் போகும், டைமும் போகும். என் வண்டியில் 3.73-ஐக் கழற்றிவிட்டு ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ் 3.31 கிரவுன்-பினியன் செட் (பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி) மாட்டி ஒரு சீசன் ஓடிவிட்டது. மாட்டுவதற்கு முன்பு "இது ஹைவே கியர் ஆச்சே" என்று சிரித்தவர்கள் சிலர் இப்போது என்னிடம் கணக்குக் கேட்கிறார்கள். அந்தக் கணக்கோடு சேர்த்தே இந்த ரிவ்யூ.

வண்டி 1991 மஸ்டாங், ஃபாக்ஸ் பாடி. ஸ்கிராப்புக்குப் போன ஷெவி பிக்கப்பிலிருந்து எடுத்த 5.3 லிட்டர் எல்எஸ் இன்ஜின், ஒற்றை டர்போ, டர்போ 400 கியர்பாக்ஸ் (பெயரில்தான் டர்போ, மூன்று கியர் ஆட்டோமேட்டிக்), லைனில் கியர்பாக்ஸைப் பூட்டி வண்டியைப் பிடித்துவைக்கும் டிரான்ஸ்பிரேக். பின்னால் ஃபோர்டு 8.8 ஆக்சில்: இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் ஸ்பூல், 31 ஸ்ப்ளைன் ஆக்சில் ஷாஃப்ட், குழாய்கள் வெல்டிங் செய்தது. டயர் 275/60-15 டிராக் (drag) ரேடியல், அதாவது 28 அங்குல உயரம். நான் உட்கார்ந்தால் மொத்தம் 3,200 பவுண்டு. வீடு டாலஸ் பக்கம் என்பதால் ஓட்டுவது பெரும்பாலும் என்னிஸில் இருக்கும் டெக்சஸ் மோட்டார்பிளெக்ஸில். 1986-ல் திறந்த டிராக், கால் மைலும் முழுக்கக் கான்கிரீட். பிடிமானம் பற்றி அங்கே குறை சொல்ல முடியாது.

ரேஷியோ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: பைக்கில் பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்கினால் இழுவை கூடி டாப் ஸ்பீடு குறைகிறதே, அதேதான். 3.73 என்றால் கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல். புரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எண் ஏற ஏற இழுவை கூடும், இன்ஜின் சீக்கிரம் ஆர்பிஎம் முடிந்து நிற்கும்.

டர்போவில் விஷயம் மாறுவது ஏன்? டர்போவைச் சுற்றுவது எக்ஸாஸ்ட் காற்று. இன்ஜின் சுமையோடு திணறும்போதுதான் அந்தக் காற்று சூடாகவும் வேகமாகவும் வரும், பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றழுத்தம், ஏறும். குட்டை கியர், அதாவது எண் கூடிய கியர், போட்டால் ஆர்பிஎம் ஊசி பறக்கும், ஆனால் இன்ஜினுக்குச் சுமை கிடைக்காது. பூஸ்ட் முழுசாக ஏறுவதற்குள் அடுத்த கியர் வந்துவிடும். உயரமான கியரில், அதாவது எண் குறைந்த கியரில், ஒவ்வொரு கியரிலும் இன்ஜின் கொஞ்சம் கூடுதல் நேரம் சுமையில் நிற்கிறது. அப்புறம் டார்க்கும் நடு ஆர்பிஎம்மிலிருந்தே கொட்டுகிறது. அந்த வண்டிக்குப் பின்னால் பல்லை வைத்து இழுவை கூட்டித் தரவேண்டிய அவசியமே இல்லை. டயர் தாங்காது என்பதுதான் பிரச்சினையே.

இப்போது கணக்கு. இதை முடிவுக் கோட்டைத் தாண்டும் இடத்திலிருந்து பின்னோக்கிப் போடவேண்டும். மணிக்கு எத்தனை மைல் என்ற வேகத்தை 336-ஆலும் ரேஷியோவாலும் பெருக்கி, டயர் உயரத்தை அங்குலத்தில் எடுத்து வகுத்தால் ஆர்பிஎம் வரும். அதிலும் இன்ஜினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்குவதைச் சேர்க்கவேண்டும். என் கன்வெர்ட்டர் டாப் கியரில் சுமார் 6 சதவீதம் வழுக்கும் என்று டேட்டா லாக்கில் தெரிந்தது. என் இன்ஜின் கட் ஆகும் இடம் 6,800. வால்வ் ஸ்பிரிங்கை நம்பி அதற்கு மேல் போக எனக்கு மனசில்லை. 3.73-ல் 142 மைல் வேகத்துக்கு வழுக்கலோடு சேர்த்து 6,760 வருகிறது. அதாவது 143-ஐ நெருங்கும்போதே லிமிட்டர் கதவைச் சாத்திவிடும்.

நடந்ததும் அதுதான். 14 பிஎஸ்ஐ பூஸ்டில் 139 மைலில் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்த வண்டி, 17-க்கு ஏற்றியபிறகு 142-லேயே ஒட்டிக்கொண்டது. கடைசி நூறு அடியில் பட பட பட என்று கட் அடிக்கும் சத்தம் எனக்கும் கேட்கும், பார்வையாளர் பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கும். பூஸ்டை எவ்வளவு ஏற்றினாலும் நேர அட்டையில் மைல் ஏறாது. 4.10 போட்டிருந்தால் 142-க்கே 7,400-ஐத் தாண்டவேண்டும். அந்த இன்ஜினுக்கு வேறு கிராங்க், வேறு ராட், வேறு வால்வ் வேலை எல்லாம் வேண்டும். ஒரு கியர் செட்டை நியாயப்படுத்த முழு இன்ஜினையே மாற்றுவதா?

3.31-ல் அதே 142 மைலுக்கு 6,000 ஆர்பிஎம் போதும். பூஸ்டைத் தொடாமல், அதே 17 பிஎஸ்ஐயில், வண்டி 146-க்குப் போனது. கோட்டில் 6,170. என் கேம்ஷாஃப்ட்டுக்கு உச்ச பவர் கிடைக்கும் இடமும் கிட்டத்தட்ட அதுதான். கால் மைல் நேரம் 9.58 விநாடியிலிருந்து 9.41 ஆனது.

"சரி, ஸ்டார்ட்டிங்கில் செத்துப்போகாதா?" இதுதான் எல்லோரும் கேட்பது. 3.73-ஐ டர்போ 400-இன் முதல் கியரான 2.48-ஆல் பெருக்கினால் 9.25. 3.31-க்கு 8.21. சக்கரத்துக்குப் போகும் டார்க் 11 சதவீதம் குறைவு, மறுக்கவில்லை. ஆனால் 3.73 இருந்தபோது முதல் கியரில் பூஸ்ட் 7 பிஎஸ்ஐக்கு மேல் போனால் டயர் பிய்த்துக்கொள்ளும் என்று பூஸ்ட் கண்ட்ரோலரில் கட்டிப்போட்டிருந்தேன். இப்போது கிட்டத்தட்ட 10 விட முடிகிறது. டயருக்குப் போவது அதே டார்க்தான், ஆனால் டர்போ முன்னைவிட விழிப்பாக இருக்கிறது. முதல் 60 அடியைக் கடக்கும் நேரம் 1.44 விநாடியிலிருந்து 1.43. ஒன்றும் சாகவில்லை. லைனில் நின்று பூஸ்ட் ஏற்றுவது கன்வெர்ட்டரும் டிரான்ஸ்பிரேக்கும் செய்யவேண்டிய வேலை. கன்வெர்ட்டர் தப்பாக இருந்தால் எந்தக் கியரும் அதைக் காப்பாற்றாது. டர்போ எழும்பவில்லை என்று கியரை மாற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் கன்வெர்ட்டர் கடைக்குப் போன் செய்யட்டும்.

செட்டின் தரம் பற்றி. பல் முகத்தில் கூர்மையான பிசிறு எதுவும் இல்லை, இரண்டும் ஒரே ஜோடி என்று காட்டும் மேட்சிங் எண் இரண்டு துண்டிலும் தெளிவாக இருந்தது. கிரவுன் அளவு ஒன்றாக இருக்கும்போது எண் குறைந்த ரேஷியோவுக்குப் பினியன் தலை பெரிதாக வரும், பற்களும் கூடும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 3.31 பினியன் 3.73-ஐவிடக் கண்ணுக்கே பருமனாகத் தெரிகிறது. டிரான்ஸ்பிரேக் விடும் அடியைத் தாங்க இது நல்ல விஷயம்.

மாட்டுவதுதான் பாதி உயிர். 9 இன்ச் ஃபோர்டு ஆக்சில் என்றால் நடுத்துண்டை அப்படியே கழற்றி பெஞ்சில் வைத்து வேலை பார்க்கலாம். 8.8-ல் எல்லாமே வண்டிக்கு அடியில், ஹவுசிங்குக்குள் கையை விட்டு. நான் கொடுத்தது டாலஸ் பக்கம் கியர் வேலை மட்டுமே செய்யும் ஒரு பெரியவரிடம். பக்கத்தில் நின்று பார்க்க விட்டார். மஞ்சள் பேஸ்ட்டை நாலைந்து பல்லில் பிரஷ்ஷால் தடவி, கிரவுனைக் கையால் இரண்டு பக்கமும் சுற்றுவார். பினியன் உரசின இடத்தில் பேஸ்ட் ஒதுங்கி எஃகு தெரியும். அந்தத் தடம் பல்லின் மேல் விளிம்புக்கும் அடிக்கும் நடுவே உட்கார வேண்டும். முதலில் தடம் மேலே ஏறி நின்றது. பினியனைக் கழற்றி, 0.030 அங்குல ஷிம்மை (மெல்லிய தகட்டு வளையம்) எடுத்துவிட்டு 0.033 போட்டார். அவரிடம் உள்விட்டம் கொஞ்சம் தேய்த்துவைத்த ஒரு பழைய பேரிங் இருக்கிறது. சரிபார்க்கும் வரை அதைத்தான் மாட்டுவார், பிரஸ்ஸில் அடித்து அடித்துப் புது பேரிங்கைப் பாழாக்க மாட்டார். டயல் வைத்துப் பேக்லாஷை (பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி) 0.010 அங்குலத்தில் நிறுத்தினார். பினியன் பேரிங்குகளுக்கு நடுவே வரும் நசுங்கும் ஸ்லீவுக்குப் பதில் திடமான ஸ்பேசர் போடச் சொன்னேன், தலையாட்டினார். கடைசித் தடத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னதும் அவரே. முன்பு 3.73 மாட்டிய வேறொரு பட்டறையில் தடம் எப்படி என்று கேட்டதற்கு "எல்லாம் சரியா இருக்கு" என்று மட்டும் பதில் வந்தது. ஆக்சிலரேட்டரை விட்டால் ஊளையிடும் சத்தம் அன்றிலிருந்து கடைசி வரை போகவில்லை. இந்த முறை கியர் சத்தம் 60 மைலில் மெல்லிசாக ஒரு முனகல், அவ்வளவுதான்.

புது செட்டை முதல் நாளே டிராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். கால் மணி நேரம் மெதுவாக ஓட்டி ஆறவிடுவது, திரும்ப ஓட்டுவது. 500 மைலில் எண்ணெய் மாற்றினேன், வடிந்ததில் சாம்பல் நிறப் பொடி கொஞ்சம் இருந்தது, துண்டு எதுவும் இல்லை. ஸ்பூல் என்பதால் எண்ணெயில் கலக்கும் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபயர் தேவையில்லை.

ரோட்டில் ஒரு உபரி லாபம். டர்போ 400-ல் ஹைவேயில் ஆர்பிஎம்மைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கியர் கிடையாது. என்னிஸ் போகும் ஐ-45 ஹைவேயில் 75 மைலுக்கு 3.73 வழுக்கல் சேர்க்காமலே 3,350 கேட்கும், இது 2,980. என்னிஸ் போய்ச் சேர்வதற்குள் காது வலிப்பது குறைந்தது. சிக்னலில் பூஸ்ட் இல்லாமல் நகரும்போது வண்டி முன்னைவிட மந்தம்தான், அதைச் சொல்லியாகவேண்டும்.

யாருக்கு வேண்டாம்? எட்டில் ஒரு மைல் மட்டும் ஓடுகிறவர்களுக்கு. டெக்சஸில் அப்படிப்பட்ட டிராக் நிறைய. என் வண்டி அங்கே 117 மைலில் முடியும், 3.31-ல் மூன்றாவது கியர் விழுவதே 104-ல், கோட்டில் 5,000 ஆர்பிஎம்கூட வராது. அங்கே 3.73-தான் சரி. டர்போ இல்லாத வண்டிக்கும் இதைப் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள். ரோட்டிலும் ஓட்டுகிற வண்டி என்றால், 9310 எஃகில் செய்த ரேஸ் கியர் பக்கம் போகவேண்டாம். அது அடி தாங்கும், ஆனால் தினசரி ஓட்டத்தில் சீக்கிரம் தேயும்.

டயர் உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 26 அங்குல டயரில் இந்த 3.31, என் 28 அங்குல டயரில் 3.56 போட்டதுபோல நடந்துகொள்ளும். ஆகவே அடுத்தவன் வண்டி ரேஷியோவைக் கேட்டால் கூடவே அவன் டயர் அளவையும், கோட்டைத் தாண்டும் மைலையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இரண்டும் சொல்லாதவன் சொல்லும் ரேஷியோவை வாங்காதீர்கள்.