வலிப்பு சிரப்பை எதில் அளப்பது? ஸ்பூன், மூடி, டிராப்பர், சிரிஞ்ச்: ஓர் ஒப்பீடு

இரண்டு நாள் காய்ச்சலுக்குக் குடிக்கிற சிரப் போல அல்ல வலிப்புக்கான திரவ மருந்து. பெரும்பாலும் தினம் இரண்டு வேளை, வருடக்கணக்கில் போகும். அளப்பதில் ஒரு சின்னப் பிசகு பழக்கமாகிவிட்டால், அது ஒவ்வொரு வேளையும் நடக்கும். குறைந்தால் அடங்கியிருந்த வலிப்பு திரும்பும். கூடினால் தூக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல். எது வந்தாலும் ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பழியை மருந்தின்மேல் போட்டுவிடுகிறோம். அதற்கு முன், எதில் அளக்கிறோம் என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சமையலறை ஸ்பூனை முதல் சுற்றிலேயே கழித்துவிடலாம். ஒரு டீஸ்பூன் என்றால் 5 மில்லி என்பது ஏட்டுக் கணக்கு. வீட்டில் கிடக்கும் ஸ்பூன்களில் சில 3 மில்லிகூடக் கொள்ளாது, சில 7 மில்லி வரை பிடிக்கும். லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்தின் கரைசலில் வழக்கமாக 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். ஸ்பூன் மாறியதால் 2 மில்லி கூடினால், 200 மில்லிகிராம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

மூடியா, சிரிஞ்சா

பாட்டில் தலையில் கவிழ்ந்து வரும் அளவு மூடிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. 10, 15 மில்லி என்று முழு எண்ணில் குடிக்கிற பெரியவருக்கு அது போதும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் மேசைமேல் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, நடுவில் குழிந்திருக்கும் பரப்பின் அடியைக் கோட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கையில் தூக்கிப் பிடித்து மேலிருந்து பார்ப்பவர்களுக்கு அளவு தப்பும்.

குழந்தைக்கான சின்ன அளவுகளில்தான் மூடி தோற்கிறது. 3 சென்டிமீட்டர் அகலமுள்ள மூடியில் ஒரு மில்லிமீட்டர் உயரம் என்பதே அரை மில்லிக்கு மேல். 1 மில்லி சிரிஞ்சிலோ, 0.1 மில்லி எடுக்கவே தண்டு ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் நகர வேண்டும். தப்பு நடந்தால் கண்ணுக்குத் தெரியும். போதாததற்கு, கெட்டியான சஸ்பென்ஷன் (மருந்துத் துகள் கரையாமல் மிதக்கும் திரவம்) மூடியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். 2016-ல் அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோரை அளக்கச் சொல்லிப் பார்த்த ஆய்விலும், மூடியில் பிழைக்கான வாய்ப்பு சிரிஞ்சைப் போல நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது.

டிராப்பருக்குத் தனி இடம் உண்டு, ஆனால் அது வந்த மருந்தோடு மட்டும்தான். குளோனசெபம் சொட்டு மருந்து 1 மில்லிக்கு 2.5 மில்லிகிராம் என்று கிடைக்கிறது. அதில் ஒரு சொட்டு 0.1 மில்லிகிராம். பாட்டிலைச் சாய்த்து நேராக வாயில் சொட்டக் கூடாது, இரண்டு சொட்டு கூட விழுந்தால் திருப்பி எடுக்க முடியாது. ஸ்பூனில் எண்ணி விட்டு, தண்ணீரோ ஜூஸோ கலந்து கொடுப்பதுதான் முறை. இன்னொரு மருந்தின் டிராப்பரை இதற்கு எடுத்தால் சொட்டின் பருமன் மாறிவிடும், எண்ணிக்கைக்கு அர்த்தமே போய்விடும்.

சிரிஞ்ச் என்றால் எந்த சிரிஞ்ச்?

எங்கள் ஓட்டு வாய்வழி சிரிஞ்சுக்குத்தான். ஆனால் தப்பான சிரிஞ்ச் மூடியைவிட ஆபத்தானது. கைக்குழந்தைக்கு 70 மில்லிகிராம் லெவெடிராசெட்டம், அதாவது 0.7 மில்லி. அதற்கு 1 மில்லி சிரிஞ்ச் வேண்டும். கையில் அகப்பட்ட 10 மில்லி சிரிஞ்சை எடுத்து, ‘7’ என்ற கோடு வரை இழுத்தால் 700 மில்லிகிராம், நேர் பத்து மடங்கு. இது கற்பனையல்ல. பத்து மடங்கு வரை அளவு கூடிப்போன சம்பவங்களுக்குப் பிறகு, ஐரோப்பிய மருந்து முகமை 2016-ல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. அங்கே அந்த மருந்து வயதுக்குத் தக்கபடி வெவ்வேறு அளவு சிரிஞ்சோடு தனித்தனிப் பெட்டியில் வருவதன் காரணமும் இதுதான். ஒரு வேளை மருந்து ஒரே இழுப்பில் அடங்குகிற மிகச் சிறிய சிரிஞ்சை எடுங்கள். பழைய பாட்டிலின் சிரிஞ்சைப் புதிய பாட்டிலுக்குக் கடத்தாதீர்கள்.

ஊசி சிரிஞ்சை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் முனையில் இருக்கும் குட்டி மூடி வாய்க்குள் பாய்ந்து குழந்தையின் தொண்டையை அடைத்ததுண்டு. வாய்வழி சிரிஞ்சின் முனையில் ஊசி பொருந்தாது. அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

எடுக்கும் விதம்: துளையுள்ள அடாப்டரை பாட்டில் கழுத்தில் அழுத்திப் பொருத்துங்கள். சிரிஞ்சை அதில் சொருகி, பாட்டிலைத் தலைகீழாக்கி, கொஞ்சம் இழுத்து, குமிழியோடு திரும்ப உள்ளே தள்ளுங்கள். பிறகு கோடு வரை மெதுவாக இழுங்கள். தண்டின் ரப்பரில் இரண்டு வளையம் தெரிந்தால், மருந்தைத் தொடும் வளையம்தான் கணக்கு. பின்வளையத்தைப் பார்த்துப் படித்தால் தினமும் தவறும். பாட்டிலை நிமிர்த்தி, சிரிஞ்சைத் திருகி எடுங்கள். கொடுத்து முடித்ததும் முனையில் ஒரு துளி தங்கும். அது அளவில் சேராதது. 1 மில்லி சிரிஞ்சில் தண்ணீர் இழுத்து ‘வீணாக்காமல்’ அதையும் கொடுத்தால் அளவு கூடிவிடும்.

மில்லிகிராம் ஒன்று, மில்லி வேறு

வால்ப்ரோயேட் சிரப் சில நாடுகளில் 5 மில்லிக்கு 200 மில்லிகிராம், சில இடங்களில் 250. அதே 400 மில்லிகிராமுக்கு முதலாவதில் 10 மில்லி, இரண்டாவதில் 8 மில்லி. ஃபெனிடோயினில் வித்தியாசம் இன்னும் பெரியது: 5 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்றும் உண்டு, 125 என்றும் உண்டு. பாட்டில் மாறியது தெரியாமல் அதே 5 மில்லி கொடுத்தால் நாலு மடங்குக்கு மேல் போய்விடும். சீட்டில் மில்லிகிராம், மில்லி இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் வேறு பாட்டில் தந்தால் திறப்பதற்கு முன் லேபிளைப் படியுங்கள்.

மாத்திரையிலிருந்து திரவத்துக்கு மாறும்போதும் எண் அப்படியே ஒட்டாது. ஃபெனிடோயின் சோடியம் கேப்ஸ்யூல் 100 மில்லிகிராமில் உண்மையான ஃபெனிடோயின் 92 மில்லிகிராம்தான். கார்பமசெபின் திரவம் மாத்திரையைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும், அதனால் ஒரு நாளின் அளவைக் கூடுதல் வேளைகளாகப் பிரிப்பார்கள். இந்தக் கணக்கை டாக்டர்தான் போட வேண்டும்.

கரைசலா, சஸ்பென்ஷனா

லெவெடிராசெட்டம், வால்ப்ரோயேட் போன்றவை கரைசல். மேலும் கீழும் ஒரே அடர்த்தி. ஃபெனிடோயின், கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின் ஆகியவை சஸ்பென்ஷன். மருந்துத் துகள் அடியில் இறங்கிவிடும். குலுக்காமல் ஊற்றினால் பாட்டிலின் தொடக்கத்தில் நீர்த்த மருந்து, முடிவில் குழம்பு போன்ற மருந்து. ஃபெனிடோயினில் இது கூடுதல் வம்பு: ஓர் அளவுக்கு மேல் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது, கொஞ்சம் கூடினாலும் ரத்த அளவு எகிறும். பாட்டில் தொடங்கிய வாரம் வலிப்பு, முடிகிற வாரம் நடை தள்ளாட்டமும் கருவிழி தானாக ஆடுவதும் என்றால், முதலில் குலுக்கினீர்களா என்று கேட்க வேண்டும். அடியில் படிவு தெரியாத வரை நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கியதும் எடுங்கள். நுரையோடு இழுத்தால் காற்றும் சேர்ந்து அளவாகும்.

எப்படிக் கொடுப்பது

நிமிர்ந்து உட்கார வைத்து, கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்க நேரம் கொடுங்கள். தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறும். வலிப்பு நடந்துகொண்டிருக்கும்போது சிரப்போ தண்ணீரோ எதுவும் வாயில் விடக் கூடாது.

பால் புட்டியில் கலப்பதைவிட இது மேல். குழந்தை பாதியில் புட்டியைத் தள்ளிவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. வால்ப்ரோயேட் சிரப்பை சோடாவில் கலக்காதீர்கள், வாயும் தொண்டையும் எரியும். கார்பமசெபின் சஸ்பென்ஷனை வேறு திரவ மருந்தோடு ஒரே நேரத்தில் கொடுக்கக் கூடாது. சில மருந்துகளோடு சேர்ந்து ரப்பர் போலத் திரண்டிருக்கிறது. உணவுக் குழாய் வழியாகக் கொடுப்பதானால், கார்பமசெபினைச் சம அளவு நீரில் நீர்க்கச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் குழாய்ச் சுவரில் ஒட்டும். குழாய் உணவு ஃபெனிடோயின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், அதற்கான இடைவெளியை மருத்துவக் குழுவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கீட்டோஜெனிக் உணவில் (கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த உணவு முறை) இருக்கும் குழந்தைக்கு சிரப்பில் உள்ள சர்க்கரையும் கணக்கில் சேரும்.

வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுப்பதா என்பது மருந்தையும் எடுத்த நேரத்தையும் பொறுத்தது. முன்கூட்டியே கேட்டு பாட்டிலில் ஒட்டிவையுங்கள். மறந்த வேளைக்காக அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். பாட்டில் தீர்ந்து மருந்து அறுபடவும் விட வேண்டாம், திடீரென்று நிறுத்துவதே வலிப்பைக் கிளப்பும்.

சிரிஞ்சைக் கழுவும்போது தண்டைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசிக் காய வையுங்கள். கன்னாபிடியால் என்ற வலிப்பு மருந்து எண்ணெயில் இருப்பதால் ஈர சிரிஞ்சில் எடுத்தால் கலங்கும். கோடு மங்கிய சிரிஞ்சைத் தூக்கிப் போடுங்கள். திறந்த தேதியை பாட்டிலிலேயே எழுதுங்கள்: ஆக்ஸ்கார்பசெபின் சஸ்பென்ஷனுக்குத் திறந்ததிலிருந்து 7 வாரம், கன்னாபிடியாலுக்கு 12 வாரம், மற்றவற்றுக்கு லேபிளில் போட்டிருக்கிற கெடு.