ஐப்பசியில் ஒருநாள் கார்ப் பயணம்: கோவளமா, வர்க்கலாவா?

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் லீவு நாள் வந்தால் வீட்டில் எழும் பேச்சு இதுதான்: கோவளம் போவோமா, வர்க்கலா போவோமா? இரண்டும் கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்துக் கடற்கரைகள். கன்னியாகுமரி என்று யாரும் வாய் திறப்பதில்லை. அது வெளியூர்ச் சொந்தக்காரர் வந்தால் கூட்டிப்போகிற இடம்.

மற்ற மாதங்களில் எப்படியோ, ஐப்பசியில் மழையைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். துலாமழை என்கிற இந்த ஐப்பசி மழைக் காலத்தில் காலை வெயில் பளிச்சென்று இருக்கும். மதியம் தாண்டியதும் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, சாயங்காலம் இடியோடு கொட்டும். தினமும் இல்லைதான். ஆனாலும் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம் என்று நம்பிப் போகிற காலம் இது இல்லை. விடியலில் கிளம்பினால் மதியம் 2 மணி வரை நமக்கு, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கில் என் ஓட்டு கோவளத்துக்கு. எல்லையை ஒட்டிய காரோடு என்ற ஊரில் பைபாஸ் ஏறினால் கோவளம் பக்கத்து முக்கோலா வரை கான்கிரீட் சாலை. களியக்காவிளையிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், டோலும் இல்லை. வர்க்கலாவுக்கு அதே சாலையில் திருவல்லம் டோலைக் கட்டி, கழக்கூட்டம் தாண்டி, சுமார் 75 கிலோமீட்டர் போக வேண்டும். ஆற்றிங்கல் வழி நெரிசல். பெருமாதுறை, அஞ்சுதெங்கு வழியாகக் கடலை ஒட்டிப் போகும் சாலை கண்ணுக்கு நல்லது, பழைய கிழக்கிந்தியக் கம்பெனிக் கோட்டையும் வழியிலேயே வரும். ஆனால் மீனவ ஊர்களுக்கு நடுவே மெதுவாகத்தான் ஓட்ட முடியும். எந்த வழியில் போனாலும் கோவளத்தில் குளித்துக் கரையேறும் நேரம் வர்க்கலா பயணத்தில் சாலையிலேயே போய்விடும். எங்கே போனாலும் பெட்ரோலை எல்லைக்கு இந்தப் பக்கமே போட்டுக்கொள்ளுங்கள், கேரளத்தில் விலை கூடுதல்.

அழகை மட்டும் பார்த்தால் வர்க்கலாதான், அதில் சந்தேகமே இல்லை. கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் செம்பாறைக் குன்று கோவளத்தில் கிடையாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைப் புவியியல் நினைவுச் சின்னமாகவே அறிவித்திருக்கிறது. ஆனால் கடைகள் இருப்பது குன்றின் விளிம்பை ஒட்டிய நடைபாதையில். கீழே மணலுக்குப் போகப் படிக்கட்டு. மழையில் நனைந்த படியில் பிள்ளைகளையும் முட்டி வலிக்காரரையும் இறக்கி ஏற்றுவது லேசான வேலை இல்லை. ஜனார்த்தன சுவாமி கோயில், பாபநாசம் கடற்கரை, நாராயண குருவின் சமாதி இருக்கும் சிவகிரி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு ராத்திரி தங்க வேண்டும். ஒரே நாளில் ஓடிப்போய் வந்தால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது.

கோவளத்தில் கலங்கரை விளக்கக் கடற்கரை, ஹவா, சமுத்ரா என்று மூன்று துண்டு. முதல் துண்டில் மணலைக் கவனித்துப் பாருங்கள்: வெள்ளை மணலில் கரிக்கோடு இழுத்தது மாதிரி கருமணல் வரிகள். நம்ம மணவாளக்குறிச்சியில் அள்ளுகிற அதே இல்மனைட் என்ற டைட்டானியம் தாதுதான். ஆடி, ஆவணியில் அலை அரித்துக்கொண்டு போன மணல் ஐப்பசியில் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும், கரை முழு அகலத்துக்கு இன்னும் வந்திருக்காது. அதனால் உயிர்காப்பாளர் சிவப்புக் கொடி நட்ட இடத்தில் இறங்காதீர்கள். 1972இல் வந்த சிவப்பு வெள்ளைப் பட்டைக் கலங்கரை விளக்கத்தில் ஏறினால் பக்கத்து ஊரான விழிஞ்ஞத்தின் பள்ளிவாசலும் புதுத் துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்களும் ஒரே பார்வையில் தெரியும்.

சாப்பாட்டுக்குக் கரையோர உணவகங்களில் உட்கார வேண்டாம் என்பேன். ஐஸ் மேல் அடுக்கிய மீனை எடை போட்டுத்தான் விலை சொல்வார்கள். கேட்காமல் கை காட்டினால் பில் வரும்போது முழிக்க வேண்டியதுதான். பக்கத்திலேயே விழிஞ்ஞம் இருக்கிறது. அங்கே சின்னக் கடைகளில் மரவள்ளி என்கிற மரச்சீனிக் கிழங்கும், குடம்புளி போட்ட மீன் கறியும், கருவேப்பிலையோடு பொரித்த நெத்தோலியும் கிடைக்கும். வர்க்கலா குன்றின் மேல் கடைகள் வெளிநாட்டுக்காரர் நாக்குக்கு ஏற்றபடி சமைப்பவை, நமக்குக் காரம் பத்தாது.

சாப்பிட்டு முடித்ததும், நேரம் இருந்தால், விழிஞ்ஞத்திலேயே, இந்தப் பகுதியை முன்பு ஆண்ட ஆய் மன்னர் காலத்தைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சின்னக் குடைவரைக் கோயிலை எட்டிப் பார்க்கலாம். கால் மணி நேரம் போதும். அதற்குள் கிழக்கே மேகம் திரண்டிருந்தால் அதையும் விட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.