உடைந்திருந்த மூலை எங்கே போனது?

ஹோண்டா ஏடிசி 250ஆர் வைத்திருப்பவர்கள், சிலிண்டரைக் கழற்றிப் பார்சல் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது 1985 மாடல். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று பருத்த டயர்களோடு நிற்கும் அந்த மூன்று சக்கர வண்டிதான். மிச்சிகனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. சில்வர் லேக் மணல்மேடுகளில் ஒருநாளாவது ஓட்டிவிட வேண்டும் என்ற ஆசையில் வாங்கினேன். எஞ்சின் உதைத்ததும் உயிர் பெற்றது. ஆனால் இழுவை இல்லை. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தன. சிலிண்டரை ரீபோர் செய்தாக வேண்டும், அதாவது உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும்.

கம்பெனியில் புதுச் சிலிண்டர் வாங்க வழியில்லை. இந்த மாடலே 1986உடன் முடிந்துபோயிற்று. விபத்துகள் பெருகியதால் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வழக்குத் தொடுத்து, 1988இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டில் இப்படிப்பட்ட புது மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையே அமெரிக்காவில் நின்றது. அதனால் நம் கையில் இருக்கும் பழைய சிலிண்டர்தான் சொத்து. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

வேறு மாநிலத்தில் ஒருவர் இந்த வண்டிகளுக்கென்றே பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னார். பேச்சில் தேன் ஒழுகியது. “பிஸ்டன் அனுப்ப வேண்டாம், என்னிடமே இருக்கிறது. உங்கள் சிலிண்டரையே போர் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்” என்றார். இணையவழிப் பணம் அனுப்பும் சேவையில் பணத்தை ‘நண்பர், உறவினர்’ பிரிவில் அனுப்பினால் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். முன்பின் பார்த்திராதவருக்கு உறவினனானேன். அந்தப் பிரிவில் அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் என்ற பாதுகாப்பு கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்று வாரம் என்றது இரண்டரை மாதமானது. பெட்டியைப் பிரித்தபோது சிலிண்டர் பளபளவென்றிருந்தது. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. என் சிலிண்டரின் அடித்தட்டில் ஒரு மூலை நகக்கண் அளவுக்கு உடைந்திருக்கும். யாரோ முன்பு சுத்தியலால் தட்டிக் கழற்றியதன் அடையாளம். வந்ததில் நான்கு மூலையும் முழுசாக இருந்தன. போர் போட்டால் சிலிண்டர் உள்ளே பெரிதாகும். வெளியே உடைந்த மூலை முளைத்து வராது.

அளந்து பார்த்தேன். இந்த எஞ்சின் சிலிண்டரின் மூல உள்விட்டம் 66 மில்லிமீட்டர். நான் அனுப்பியது ஒருமுறைகூடப் போர் போடாதது. இன்னும் பலமுறை தாங்கியிருக்கும். வந்தது 68ஐத் தாண்டியிருந்தது. யாரோ தேய்த்துத் தீர்த்ததை என் தலையில் கட்டிவிட்டு, என் நல்ல சரக்கை எடுத்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன். கேட்டதற்கு, “எல்லாம் ஒன்றுதானே” என்று ஒரே வரி. அப்புறம் பதிலே இல்லை.

அதையும் பொறுத்துக்கொண்டு மாட்டினேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அந்த வகைச் சிலிண்டரின் சுவரில் காற்றும் புகையும் போய்வரத் துளைகள் உண்டு. போர் போட்ட பிறகு அவற்றின் விளிம்புகளை இழைத்து மழுக்க வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் வளையம் அந்தக் கூர்மையில் சிக்கும். விரலை விட்டுத் தடவியிருந்தாலே தெரிந்திருக்கும். வீட்டுப் புல்வெளியில் இருபது நிமிடம் ஓடியது. பிறகு ‘கிரீச்’ என்று நின்றது. கழற்றினால் வளையம் மூன்று துண்டு. சுவரில் விரல் நீளத்துக்குக் கீறல்.

என்னிடம் ஆதாரமும் இல்லை. அனுப்பும் முன் ஒரு படம் எடுக்கவில்லை. கண்ணில் படாத இடத்தில் ஆணியால் ஒரு புள்ளி குத்தி வைக்கவில்லை. உள் அளவை எழுதி அவரிடம் ஒப்புதல் வாங்கவில்லை. மூன்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது.

பிஸ்டனைக் கேட்காதபோதே விழித்திருக்க வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். போடப்போகும் பிஸ்டனைக் கையில் வைத்து அளக்காமல் போர் போடுவது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது போல.

இப்போது இன்னொரு தேய்ந்த சிலிண்டரை இரட்டை விலை கொடுத்துத் தேடிப் பிடித்திருக்கிறேன். இந்த முறை காரில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய், ஒரு லேத் பட்டறையில் நேரில் கொடுத்தேன். அங்கிருந்த கிழவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. சிலிண்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “பிஸ்டன் எங்கே?”