சீட்டுக்குத் தனியாகக் காசு கட்டலாமா? வடசென்னையிலிருந்து விமானம் ஏறுவோருக்கு

உள்நாட்டு விமான டிக்கெட் எடுக்கும்போது பணம் கட்டும் பக்கம் வருவதற்கு முன்பே கலர் கலராக சீட் படம் ஒன்று வந்து நிற்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விலை. அதைப் பார்த்ததும் பலர், குறிப்பாக முதல் தடவை போகிறவர்கள், ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காசு கட்டியே ஆகவேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். வேண்டியதில்லை. நீங்கள் கட்டும் டிக்கெட் விலையிலேயே ஒரு சீட் அடங்கியிருக்கிறது. கூடுதல் தொகை, எந்த சீட் என்று முடிவுசெய்யும் உரிமைக்கு மட்டும்தான். இந்தக் கட்டணம் பயணி விரும்பினால் மட்டுமே என்று விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்படியிருந்தும் சீட் எடுக்காமல் அடுத்த பக்கம் போவதற்கான பொத்தானைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டும்.

தனியாகப் போகிறீர்கள், இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற பயணம் என்றால் காசு கட்டாதீர்கள். கைக்குழந்தையோடு போகிறவர்கள், முழங்கால் வலி உள்ள பெரியவர்கள், ஆறடி உயரக்காரர்கள் கட்டலாம். ஆனால் எந்த சீட்டுக்குக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும்.

இண்டிகோவில் வெப் செக்-இன், அதாவது இணையத்திலேயே போர்டிங் பாஸ் எடுக்கும் வசதி, புறப்படும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே திறந்துவிடும். காசில்லாத சீட் ஏதாவது மிச்சமிருந்தால் அந்த நேரத்தில்தான் கையில் கிடைக்கும். தேர்வு செய்யாமல் விட்டால் கம்ப்யூட்டரே ஒன்றை ஒதுக்கும். அது பெரும்பாலும் நடு சீட், அதாவது பி அல்லது இ. ஜன்னலும், நடைபாதை ஓரமான ஐலும் விலைபோகும் சரக்கு என்பதால் அவற்றைக் கடைசிவரை பிடித்துவைத்துவிட்டு நடுவைத்தான் முதலில் தள்ளிவிடுகிறார்கள். விற்காமல் போனவற்றையும் யாருக்காவது கொடுத்துத்தானே ஆகவேண்டும்? அதனால் லக்கேஜ் போடக் கவுன்டருக்குப் போகும்போது, "ஐல் ஏதாவது காலி இருக்கா?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். விமானம் நிரம்பாத நாளில் சும்மாவே மாற்றித் தருவார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் இந்த மாதிரி பொறுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம், தேவையும் இல்லை. 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு, அதே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், பயணம் செய்யும் அப்பா, அம்மா அல்லது பாதுகாவலர் ஒருவருக்குப் பக்கத்திலேயே சீட் ஒதுக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டிஜிசிஏ எல்லா விமான நிறுவனங்களுக்கும் உத்தரவிட்டது. இங்கே உயிர்நாடி "அதே பிஎன்ஆர்" என்பதுதான். கல்யாணத்துக்குப் போகிற குடும்பங்கள் கோட்டைவிடுவது இதில்தான். பெரியப்பா ஒரு போனில் நாலு டிக்கெட், சித்தி இன்னொரு போனில் மூணு டிக்கெட் என்று பிரித்து எடுத்துவிடுவார்கள். பிள்ளை பெரியப்பா டிக்கெட்டிலும் அம்மா சித்தி டிக்கெட்டிலும் இருந்தால் கம்ப்யூட்டருக்கு இவர்கள் ஒரே வீடு என்று தெரியாது. ஒரு பிஎன்ஆரில் ஒன்பது பேர் வரை போடலாம். அதற்கு மேல் போனால், பிள்ளைகளைப் பெற்றவர்களோடு சேர்த்துவைத்துப் பிரித்து எடுங்கள். உத்தரவு மீறப்பட்டால் கவுன்டரில் காசில்லாமல் மாற்றித் தரச் சொல்லி உறுதியாகக் கேளுங்கள். மூணு வயசுப் பிள்ளையை நாலு வரிசை தள்ளி உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் இடம் கேட்டுக் கெஞ்சும் நிலைமைக்குத் தாய்மார்களைத் தள்ளுவது அநியாயம்.

மடியில் வைத்துக்கொள்ளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இரண்டு இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று சீட் சேர்ந்த ஒரு பக்கத்தில் ஒரு கைக்குழந்தைக்குத்தான் அனுமதி. மேலே இருக்கும் ஆக்சிஜன் மாஸ்க், மூன்று பெரியவர்களுக்கு மூன்று, கூடுதலாக ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கும். ஆகவே அப்பா ஒரு குழந்தையோடு 14சி, அம்மா இன்னொன்றோடு 14டி என்று ஐலுக்கு இரண்டு பக்கமும் எடுப்பதுதான் வழி. கடைசி நிமிடத்தில் இடம் மாற்றும் தொல்லை இருக்காது.

இனி எந்த விமானம் என்பது. இண்டிகோ பெரும்பாலும் ஏர்பஸ் ஏ320, ஏ321. ஏர் இந்தியாவின் உள்நாட்டுச் சேவையும் அதே குடும்பம்தான். ஆகாசா முழுக்க போயிங் 737 மேக்ஸ். சீட் அகலம் ஏர்பஸ்ஸில் சுமார் 18 அங்குலம், 737-இல் சுமார் 17. ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். கொஞ்சம் பருமனான மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்தால் அந்த ஒரு அங்குலத்தின் அருமை தெரியும். எக்கானமி வகுப்பில் முன்சீட்டுக்கும் நம் சீட்டுக்கும் இடையே 28 முதல் 30 அங்குலம். கூடுதல் இடம் வேண்டுமென்றால் முதல் வரிசை, அல்லது இறக்கைக்கு நேரே எமர்ஜென்சி கதவு வரிசை. இண்டிகோ ஏ320-இல் இது 12, 13.

எமர்ஜென்சி வரிசைக்குக் காசு கட்டுவதற்கு முன் யோசியுங்கள். கர்ப்பிணிகள், குழந்தையோடு வருபவர்கள், சிறுவர்கள், வீல்சேர் கேட்டவர்கள் அங்கே உட்கார முடியாது. கதவைத் தூக்கித் திறக்கத் தெம்பு வேண்டும். முழங்கால் வலி உள்ள பாட்டிக்கு இடம் தாராளமாக இருக்கும் என்று மகன் அன்போடு 12-ஐ எடுத்துக் கொடுப்பார். விமானத்துக்குள் வந்தபின் அவரை எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்புவார்கள். பெரியவர்களுக்கு முன்பகுதியில் ஐல்தான் சரி. எமர்ஜென்சி வரிசையிலும் முதல் வரிசையிலும் காலடியில் பை வைக்கக் கூடாது, எல்லாம் மேலே போயாக வேண்டும். எமர்ஜென்சி வரிசைக்கு முந்தைய வரிசை பின்னால் சாயாது. கடைசி வரிசையும் பொதுவாக அப்படித்தான், கூடவே டாய்லெட்டுக்குக் காத்து நிற்பவர்கள் வேறு. 737-இல் இறக்கைக்கு முன்னால், 10, 11 வரிசையை ஒட்டி ஏசி காற்றுக் குழாய் சுவருக்குள் போவதால் பல விமானங்களில் ஒரு இடத்தில் ஜன்னலே இருக்காது. ஜன்னல் சீட் என்று காசு வாங்கிக்கொண்டு வெறும் சுவரைக் காட்டுவது சரியில்லை.

சேலம், தூத்துக்குடி பக்கம் போகும் ஏடிஆர் என்ற சிறிய விமானம் தனி ரகம். இரண்டு இரண்டாக 78 சீட். முன்பக்கம் சரக்கு அறை என்பதால் ஏறுவதும் இறங்குவதும் பின்கதவு வழியாகத்தான். பெரிய விமானத்தின் பழக்கத்தில் முன்வரிசைக்குக் காசு கட்டினால் கடைசியாகத்தான் இறங்குவீர்கள்.

ஜன்னல் எந்தப் பக்கம் என்பதற்கும் கணக்கு உண்டு. விமானம் கடலை நோக்கி, கிழக்கே ஏறினால் நம் பகுதி இடது பக்கம், ஏ சீட்டில் தெரியும். கடல் பக்கமிருந்து வந்து இறங்கினால் வலது பக்கம், எஃப். மேகமில்லாத காலையில் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர், அதை ஒட்டிக் காசிமேட்டில் நெருக்கியடித்து நிற்கும் விசைப்படகுகள், வடக்கே எண்ணூரின் புகைபோக்கிகள் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். இறக்கைக்கு மேலே உள்ள வரிசைகளில் மட்டும் உட்காராதீர்கள், அலுமினியம்தான் தெரியும்.

விமான நிலையம் போய்ச் சேர்வது வடசென்னைக்காரர்களுக்குத் தனிப் பாடம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபின், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்கிருந்தும் நீல வழித்தடத்தில் மாறாமல் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கே போகலாம். விம்கோ நகரில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் முதல் ரயில் காலை 5 மணி வாக்கில்தான். 6:15-க்கு இறங்கி, மேம்பால நடைபாதையில் பெட்டியை இழுத்துக்கொண்டு டெர்மினலுக்குப் போக இன்னும் 10, 15 நிமிடம். லக்கேஜ் கவுன்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு மூடிவிடும். ஆகவே 8 மணிக்கு முந்தைய விமானத்துக்கு மெட்ரோவை நம்பாதீர்கள். காரில் போவதானால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையை மனதில் வைத்து ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். டெர்மினல் 1, 4 உள்நாடு, 2 சர்வதேசம்; 1-க்கும் 4-க்கும் நடுவே 2 நிற்கிறது. போர்டிங் பாஸில் எது என்று பார்த்துவிட்டு டிரைவரிடம் சொல்லுங்கள்.

வாசலில், ஆப் மூலம் முகத்தை வைத்தே அடையாளம் பார்த்து உள்ளே விடும் டிஜியாத்ரா வரிசை வேகமாக நகரும். நம் ஊர் இனிஷியல்தான் அதில் இடறும். ஆதாரில் "கே முருகன்", டிக்கெட்டில் "முருகன் முருகன்" என்று இருந்தால் போர்டிங் பாஸ் ஆப்பில் ஏறாது. டிக்கெட் எடுக்கும்போதே ஆதாரில் உள்ளபடி போட்டுவிடுங்கள். ஊறுகாய், நெய், மிளகாய்ப் பொடி எல்லாம் செக்-இன் பெட்டிக்கு. பவர் பேங்க் கண்டிப்பாகக் கைப்பையில்.

சென்னையில் போர்டிங் அழைப்பைப் பெரும்பாலும் ஒலிபெருக்கியில் எதிர்பார்க்க முடியாது. கேட் எண் மாறினால் திரையில்தான் மாறும். கீழ்த்தளத்து கேட் என்றால் விமானத்துக்குள் நேரே நடந்துபோகும் ஏரோபிரிட்ஜ் இல்லை, பஸ் என்று அர்த்தம். புறப்பாட்டுக்கு 20, 25 நிமிடம் முன்பு கேட் மூடப்படும். அதன்பின் விமானம் கண்ணெதிரே நின்றாலும் ஏற்ற மாட்டார்கள்.

எந்தக் குழு எப்போது ஏற வேண்டும் என்று காட்டும் ஜோன் எண் போர்டிங் பாஸில் அச்சிட்டிருந்தும் கேட் திறந்ததும் எல்லோரும் எழுந்து நிற்பதற்குக் காரணம் சீட் இல்லை, மேலே உள்ள லக்கேஜ் இடம். 186 பேர் ஏறும் விமானத்தில் எல்லோருடைய டிராலியும் மேலே பிடிக்காது. கடைசியில் வருபவர்களின் பெட்டியை டேக் போட்டுக் கீழே சரக்கு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிக் கேட்டால் கொடுப்பதற்கு முன் நகை, மருந்து, லேப்டாப், பவர் பேங்க் நான்கையும் வெளியே எடுங்கள். இதற்காகவே அவற்றை ஒரு துணிப்பையில் தனியாகக் கட்டி டிராலியின் மேல்பகுதியில் வைத்திருந்தால் இரண்டு நொடி வேலை. கைப்பை 7 கிலோ, மூன்று பக்க அளவும் கூட்டினால் 115 செ.மீ. காலடியில் வைக்கிற சின்னப் பை மட்டும் என்றால் நிதானமாகக் கடைசியில் ஏறுங்கள், இழப்பு ஒன்றுமில்லை.

ஜோன் பிரிப்பதை நிறுவனங்கள் இன்னும் ஒழுங்காக நடத்தலாம். அமெரிக்க இயற்பியலாளர் ஜேசன் ஸ்டெஃபன் 2008-இல், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக ஜன்னல்காரர்களை முதலில் ஏற்றினால் நேரம் வெகுவாகக் குறையும் என்று கணக்கிட்டுக் காட்டினார். பெட்டியை மேலே வைக்க ஒரே நேரத்தில் பலருக்கு இடம் கிடைக்கும் என்பதுதான் அதன் சூட்சுமம். குடும்பங்களை அப்படிப் பிரிக்க முடியாது என்றாலும் ஜன்னல், நடு, ஐல் என்ற வரிசையையாவது கடைப்பிடிக்கலாம். பஸ்ஸில் கொண்டுபோகும்போது எல்லா ஜோனும் கலந்துவிடுகிறது. அங்கே முன்கதவு, பின்கதவு என்று பிரித்துவிடுவதுதான் பயன். பொதுவாக 15 வரிசை வரை முன்கதவு, அதற்கு மேல் பின்கதவு. இண்டிகோ பல இடங்களில் படிக்கட்டுக்குப் பதிலாகச் சாய்தளம் போடுகிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பெரிய உதவி, மற்றவர்களும் செய்ய வேண்டும்.

காசு கட்டி எடுத்த சீட்டை, விமானம் மாறியதால் அவர்களே மாற்றினால் அந்தக் கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள். போர்டிங் பாஸையும் பணம் கட்டிய ரசீதையும் படமெடுத்து வைத்திருப்பது நல்லது. அதைவிடப் பெரிய விஷயம், உறுதியான டிக்கெட்டோடு நேரத்துக்கு வந்தும் அளவுக்கு மீறி டிக்கெட் விற்றுவிட்டதால் ஏற்ற மறுப்பது. முதலில் தாமாக விட்டுக்கொடுக்க முன்வருபவர்களைக் கேட்க வேண்டும். யாரும் வராமல் உங்களை நிறுத்தினால், ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் கொடுத்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டும் சேர்ந்த தொகையின் 200 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதமானால் 400 சதவீதம், உச்சவரம்பு 20,000 ரூபாய். இது டிஜிசிஏ விதி. அடுத்த விமானத்துக்கு வவுச்சர் மட்டும் தருகிறோம் என்றால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்ற மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பேசுங்கள்.